டியூட்டர் மிஸ்ஸின் கைகள்

பிரசவ வாட்டுத் தாதி ஜெயந்தினியின் கைகளைப் பற்றி அந்த ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு உண்டு. அந்த மிஸ் பக்கத்தில் வந்து நின்றாலே பாதி வலி குறைந்துவிடும் என்று சுற்றுவட்டத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து பிள்ளை பெற்றுப்போன பெண்கள் சொல்வார்கள். அதில் கொஞ்சம் மிகைதான். ஆனால் எந்தப் பிள்ளையையும் அவசரப்படுத்தாத, எந்தத் தாயையும் அதட்டாத கைகள் அவை என்பது உண்மை. பிறக்கும் தலை உள்ளங்கையில் வந்து படும்போதே அடுத்து என்ன செய்ய வேண்டுமென்று அவளுக்குத் தெரிந்துவிடும். எப்படித் தெரிகிறது என்று யாரும் கேட்டதில்லை; அவளும் யோசித்துப் பார்த்ததில்லை.

அதனால்தான், தாதியருக்கான விசேட மருத்துவிச்சிப் பயிற்சி ஒன்றை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய நிலையத்தில் தொடங்கியபோது, பிரசவப் பாடத்துக்கு அவளையே டியூட்டராகப் போட்டார்கள். நியமனம் வெள்ளிக்கிழமை வந்தது. திங்கட்கிழமை வகுப்பு. பாடம் நடத்துவது எப்படி என்று ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டியூட்டர்களுக்கென்று கொழும்பில் ஒரு பயிற்சி இருக்கிறது, அடுத்த வருடம் அனுப்புகிறோம் என்றார் நிலையப் பொறுப்பதிகாரி.

"உங்களுக்குத் தெரியாததா மிஸ்? தெரிஞ்சதச் சொல்லிக் குடுங்க. அவ்வளவுதானே!"

அவளும் அவ்வளவுதான் என்றே நினைத்தாள்.

வட்டகொடை ஸ்டேசனில் டிக்கெட் கொடுக்கும் ஜீவராஜ் அவள் கணவன். ரயில்வே குவார்ட்டஸில்தான் குடியிருந்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவள் சாப்பாட்டு மேசையில் புத்தகங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஜீவராஜ் சமைத்தான். அவன் வைத்த பருப்பு அடிப்பிடித்து வீடெல்லாம் நாறியது. அவள் தலையைத் தூக்கிக்கூடப் பார்க்கவில்லை.

"இனிமே ஒன்னய டீச்சரம்மான்னு கூப்புடணுமா?" என்று கேட்டான்.

"மொதல்ல பருப்ப எறக்குங்க," என்றாள்.

வகுப்பில் ஒரு டஜன் பேர் இருந்தார்கள். எல்லாருமே ஏற்கெனவே வாட்டுகளில் வேலை பார்த்த தாதிகள். முன் வரிசையில் இறம்பொடையைச் சேர்ந்த தனுஷிகா என்ற உயரமான பெண், பேனாவின் மூடியைக் கழற்றி ஆயத்தமாக உட்கார்ந்திருந்தாள். ஜெயந்தினி பேசத் தொடங்கினாள். காலை முழுவதற்கும் என்று அவள் எழுதிவந்ததெல்லாம் தேநீர் இடைவேளைக்கு வெகுநேரம் முன்பே தீர்ந்துவிட்டது. இனி என்ன சொல்வது என்று தெரியாமல் ஜன்னல் வழியே மலையைப் பார்த்தாள். மாணவிகளும் திரும்பி மலையைப் பார்த்தார்கள்.

"சரி, எல்லாரும் பொம்மைக்கிட்ட வாங்க," என்றாள்.

அங்கேதான் அவளுக்கு உயிர் வந்தது. ரப்பரில் செய்த இடுப்புக்கூடும், அதற்குள்ளிருந்து இழுத்து எடுக்க ஒரு துணிக் குழந்தையும் இருந்தன. ஒவ்வொருவராக வந்து கை வைத்தார்கள். தனுஷிகா குழந்தையின் தலையைப் பிடித்த பிடி சரியில்லை. "அப்படியில்ல, இங்க பாருங்க," என்று ஜெயந்தினி வாங்கிக்கொண்டாள். அடுத்தவள் தோளைத் தவறான பக்கம் திருப்பினாள். "இப்படி," என்று அதையும் வாங்கிக்கொண்டாள். அவள் கையில் அந்தத் துணிக் குழந்தைகூட நிஜமாகவே பிறப்பதுபோல வழுக்கி வந்தது. கடைசியில் எல்லோரும் கைதட்டினார்கள். ரயிலில் வீட்டுக்கு வரும்போது அவள் மனம் நிறைந்திருந்தது. நிலையத்தில் அன்று எத்தனை முறை பிள்ளை பிறந்ததோ அத்தனையும் தன் கையிலேயே பிறந்தது என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

இப்படியே சில வாரங்கள் போயின. பிறகு மாணவிகளைப் பிரசவ வாட்டுக்கு அழைத்துப்போகும் நாள் வந்தது.

இரண்டாவது பிள்ளைக்கு வந்திருந்த ஒரு தாய். எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. தனுஷிகா கையுறை மாட்டிக்கொண்டு, கைகளை வைக்க வேண்டிய இடத்தில் வைத்திருந்தாள். ஜெயந்தினி பக்கத்தில் நின்றாள். இது தனுஷிகாவின் பிரசவம், நாம் பார்க்கத்தானே போகிறோம் என்று அவள் கையுறை மாட்டவில்லை. தலை தெரிந்தது. முன்னால் வந்தது. பழக்கதோஷம், ஜெயந்தினி ஒரு பக்கமாகக் குனிந்து கையை நீட்டினாள்.

அந்தக் கை வருவதைப் பார்த்ததும் தனுஷிகா தன் இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டு ஒதுங்கி நின்றாள்.

கண் சிமிட்டும் நேரம்தான். தாங்க ஆளில்லாமல் தலை சடாரென்று வெளியே வந்தது. ஜெயந்தினி வெறும் கையாலேயே பிள்ளையைத் தாங்கினாள். பிள்ளை வீறிட்டு அழுதது. அதற்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தாய்க்குக் கிழிந்துவிட்டது. டாக்டர் வந்து தையல் போட வேண்டியதாயிற்று.

ஜெயந்தினி தனுஷிகாவை நடைபாதைக்கு அழைத்துப் போனாள். கோபத்தோடு கேட்டாள்:

"ஏன் கைய எடுத்தீங்க?"

தனுஷிகாவின் கண்கள் நிரம்பியிருந்தன. "நீங்க எடுத்துக்குவீங்கன்னு நெனச்சேன் மிஸ். எப்பவும் நீங்கதானே எடுத்துக்குவீங்க."

அதில் குத்தலும் இல்லை, சாக்குச் சொல்வதும் இல்லை. நடந்ததை நடந்தபடி சொன்னாள், அவ்வளவுதான்.  ஜெயந்தினி அந்தப் பெண்ணின் தோளைத் தட்டி, "போய் மொகத்தக் கழுவிட்டு வாங்க," என்று மட்டும் சொன்னாள்.

பின்னேரம் அந்தத் தாயின் கட்டிலுக்குப் போய் உட்கார்ந்தாள். "இந்தத் தையல் எங்களால வந்ததுங்கம்மா. வந்திருக்கக் கூடாது," என்றாள். அந்தப் பெண் களைப்போடு சிரித்தாள். "இருக்கட்டும் மிஸ், புள்ள நல்லா இருக்குல்ல." திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கே எழுதிக் குடுத்துடப் போறேங்க. நான் வாட்டுக்கே போயிர்றேன். எனக்கு வேல தெரியும், சொல்லிக்குடுக்கத் தெரியல."

ஜீவராஜ் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுவந்து வைத்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. பிறகு கீழே உட்கார்ந்து அவள் செருப்பு வாரைக் கழற்றிவிட்டான்.

"எழுதிக் குடு. நான் வேணான்னு சொல்லல. ஆனா நீ போயிட்டா அந்தப் புள்ளைங்களுக்கு யாரு?"

"யாராச்சும் வருவாங்க."

"அவங்களுக்கும் வெள்ளிக்கெழம சொல்லி திங்கக்கெழம வகுப்புதானே?"

அவள் கோப்பையை எடுத்தாள். தேத்தண்ணியில் சீனி அதிகமாயிருந்தது. கவலைப்படும்போதெல்லாம் அவன் அப்படித்தான் போடுவான். குடித்தாள்.

மறுநாள் எழுதிக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாக நஸீராவைப் போய்ப் பார்த்தாள். நஸீரா அதே நிலையத்தில் பிறந்த குழந்தைகளின் பராமரிப்பைச் சொல்லிக்கொடுப்பவள். டவுனில் துணிக்கடை வைத்திருக்கும் சரிபுதீனின் மகள். அவளுடைய வகுப்பிலிருந்து எந்நேரமும் பேச்சும் சிரிப்பும் கேட்கும். ஜெயந்தினிக்கு அது கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

"உங்க வகுப்புல பின்னால உக்காந்து பாக்கலாமா? நீங்க எங்க கத்துக்கிட்டீங்க இதெல்லாம்?" என்று கேட்டாள்.

நஸீரா விழுந்து விழுந்து சிரித்தாள். "அல்லாவே, என்கிட்டயா கேக்குறீங்க? எனக்கும் யாரும் சொல்லித் தரல்ல. மொத வருசம் நான் ஒரே மூச்சுல வாசிச்சுக்கிட்டே போவேன். புள்ளைங்க எனக்கு வச்ச பேர் என்ன தெரியுமா? உடரட்ட மெனிக்கே. கொழும்பு எக்ஸ்பிரஸ் ரயிலு, நடுவுல எங்கயும் நிக்காதாம்."

"உடரட்ட மெனிக்கே நிக்குமே. வட்டகொடையிலகூட நிக்கும்."

"அப்ப அதவிட மோசம் நான்!"

அன்று ஜெயந்தினி பின் வரிசையில் உட்கார்ந்து பார்த்தாள். நஸீரா பேசியது குறைவு, கேட்டதுதான் அதிகம். ஒரு மாணவி குழந்தையைப் போர்த்தியது தப்பாக இருந்தது. நஸீரா அதைத் தொடவில்லை. "இப்ப இந்தப் பாப்பாவுக்கு எங்க குளிரும்?" என்று கேட்டுவிட்டுச் சும்மா நின்றாள். அறை அமைதியானது. அந்த அமைதி ஜெயந்தினியைப் பாடாய்ப் படுத்தியது. எழுந்து போய் அந்தத் துணியைச் சரிசெய்துவிட வேண்டும்போல விரல்கள் துடித்தன. சிறிது நேரத்தில் மாணவி தானே, "தலைக்கு மிஸ்," என்று சொல்லித் துணியை இழுத்துவிட்டாள்.

"நீங்க எப்படி அவ்வளவு நேரம் சும்மா இருக்கீங்க?" என்று பிறகு கேட்டாள்.

"சும்மா இல்ல. உள்ளுக்குள்ள ஓதிக்கிட்டு ஈக்கேன்," என்றாள் நஸீரா. பிறகு யோசித்தவாறு, "எனக்கும் ஒரு ஆள் வேணும் ஜெயந்தினி. நான் எங்க வேகமாப் போறேன்னு எனக்கே தெரியிறதில்ல. நீங்க என் வகுப்புல உக்காருங்க, நான் உங்க வகுப்புல உக்காருறேன். கொழும்புக்காரங்க கூப்பிடும்போது கூப்பிடட்டும்," என்றாள்.

ஒப்பந்தம் இப்படி முடிந்தது: ஜெயந்தினியின் கை மாணவியின் வேலைக்குள் போகும்போதெல்லாம் நஸீரா பின்னாலிருந்து இருமுவாள்.

முதல் நாள் நஸீரா இருமிய இருமல் கொஞ்சநஞ்சமில்லை. கை நீளும், இருமல் வரும், கை பின்வாங்கும். அடுத்த நிமிஷம் மறுபடி நீளும். இரண்டு நாள் இப்படிப் போனது. மூன்றாம் நாள் பின் வரிசை மாணவி ஒருத்தி பிளாஸ்க் நிறையக் கொத்தமல்லித் தண்ணி கொண்டுவந்து நஸீராவிடம் நீட்டினாள். "நெஞ்சுச் சளி போல மிஸ். சுடச்சுடக் குடிங்க." நஸீரா மறுக்க முடியாமல் அதைக் குடித்தாள். ஜெயந்தினி கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. பிறகு, மறைத்து என்ன ஆகப் போகிறது என்று தோன்றவே, திரும்பி வகுப்புக்கு உள்ளதைச் சொல்லிவிட்டாள். தான் வகுப்பு நடத்தப் பழகாமலே வந்தவள் என்றும், இப்போதுதான் பழகுவதாகவும், அந்த இருமல் எதற்கென்றும். மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அதற்கு மறுநாளிலிருந்து மிஸ்ஸின் கை நீண்டால் வகுப்பே இருமியது.

கையை அடக்கியதும் இன்னொரு தொல்லை தெரியவந்தது. கை பேசாவிட்டால் வாய் பேச வேண்டும். வாய்க்கோ ஒன்றும் தெரியவில்லை. "எப்ப மிஸ் தலையக் கொஞ்சம் விடணும்?" என்று தனுஷிகா கேட்டபோது, "அது... அந்த நேரத்துல தெரியும்," என்றுதான் சொல்ல வந்தது. யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். தனுஷிகாவுக்கு எப்படித் தெரியும்?

அந்த வெள்ளிக்கிழமை அனுமதி கேட்டு, ரப்பர் இடுப்பையும் துணிக் குழந்தையையும் ஒரு பெரிய பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துவந்தாள். ரயிலில் பைக்கு வெளியே ஒரு சின்னக் கால் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து எதிரே இருந்த அம்மாள் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டாள்.

"நீங்கதான் மருத்துவிச்சி," என்றாள் ஜீவராஜிடம். "நான் கைய ஸ்வெட்டர் பைக்குள்ள போட்டுக்கறேன். வாயால மட்டும் சொல்லுவேன். நான் சொன்னதத்தான் செய்யணும். சொல்லாதத செய்யக் கூடாது."

"தப்பாச் செஞ்சா வேல போயிடாதே?"

"பேசாம முட்டி போடுங்க."

ஜீவராஜ் முட்டி போட்டான். தொந்தி இடித்தது. "தலை வெளிய வந்திருச்சு. இப்ப மெதுவாக் கீழ அமுக்குங்க," என்றாள். அவன் தலையைத் தரையைப் பார்த்து அமுக்கினான், ரப்பர் இடுப்பு கவிழ்ந்தது.

"அப்படியில்ல! கீழ!"

"எந்தக் கீழ? தரைக்குக் கீழயா, அவங்க கால் பக்கம் கீழயா? எத்தன கீழ இருக்கு இங்க!"

அவள் நின்றுவிட்டாள். இத்தனை வருடமாகக் கீழே கீழே என்று சொல்லிவருகிறாள். கீழே என்றால் என்னவென்று இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை. "தாயோட முதுகுப் பக்கமா," என்றாள் மெதுவாக. "அவங்க படுத்திருக்காங்க, அவங்க முதுகு இருக்கிற பக்கம். மொத தோள் எட்டிப் பாக்கிற வரைக்கும்." ஜீவராஜ் செய்தான். தோள் எட்டிப் பார்த்தது. "அட!" என்றான் அவன், தானே பெற்றதுபோல.

"மெதுவான்னு சொல்றியே, எவ்வளவு மெதுவா?"

அவள் ஜன்னல் பக்கம் போனாள். வெளியே நானுஓயாப் பக்கமிருந்து சாமான் ரயில் ஒன்று இறக்கத்தில் வந்துகொண்டிருந்தது. "எறக்கத்துல வர்ற ரயிலுக்குப் பிரேக் போடுற மாதிரி. நிறுத்துறதுக்கு இல்ல. அது வரத்தான் போவுது. பாஞ்சு வராம இருக்கிறதுக்கு." சொன்ன பிறகு அவளுக்கே அது பிடித்திருந்தது. ஓடிப்போய் ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிவைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஸ்டேசன் சாவி வாங்க வந்த, தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் வீரய்யா, வாசலிலேயே நின்றுவிட்டார். டிக்கெட் கொடுக்கிற மனிதன் வியர்க்க விறுவிறுக்க ஒரு பிள்ளையின் தலையைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டிருந்தான். மனைவியோ குளிருக்குப்போலக் கையைப் பைக்குள் விட்டபடி நின்று ஏவிக்கொண்டிருந்தாள். "ஆம்பளையா பொம்பளையாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமைக்குள் ஸ்டேசன் முழுக்கச் செய்தி பரவியிருந்தது. ஜீவராஜ் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அடுத்த வாரமும் முட்டி போட்டான்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு காலையில் வினோதா வந்தாள். வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுப்பவள். தலைப்பிரசவம். ஜெயந்தினி அவளிடம் போய், தனுஷிகாவைக் காட்டி, "இந்த மிஸ்தான் பாப்பாவ வாங்குவாங்க. நான் பக்கத்துலயே நிப்பேன். சரியாம்மா?" என்று கேட்டாள்.

"யார் வாங்குனா என்னா மிஸ், சீக்கிரம் வாங்கச் சொல்லுங்க!" என்றாள் வினோதா பல்லைக் கடித்துக்கொண்டு.

திரைக்கு வெளியே ஜெயந்தினி தனுஷிகாவை நிறுத்தினாள். இந்தப் பேச்சை அவள் நஸீராவோடு சேர்ந்து சொல் சொல்லாகத் தயார் செய்திருந்தாள். "கேளுங்க. நான் கையுற போட்டுக்கிட்டு ஆயத்தமா நிப்பேன். நான் வாயால 'விடுங்க'ன்னு சொன்னா மட்டும்தான் நீங்க விடணும். நான் குனிஞ்சாலும், அசைஞ்சாலும், மூஞ்சியச் சுளிச்சாலும் விடக் கூடாது. தாய்க்கோ புள்ளைக்கோ ஆபத்துன்னா நான் கண்டிப்பா சொல்லுவேன். சொல்லாத வரைக்கும் அது உங்க கை. எங்க, திருப்பிச் சொல்லுங்க."

தனுஷிகா திருப்பிச் சொன்னாள். 

"பயமா இருக்கா?"

"ஆமா மிஸ்."

"எனக்கும்தான்," என்றாள் ஜெயந்தினி.

மழை தகரக் கூரையில் இரைந்தது. வினோதா தன் மாமியாரையும் புருஷனையும் மாறிமாறித் திட்டினாள், பிறகு அம்மாவைக் கூப்பிட்டாள். தலை தெரிந்தது. தனுஷிகாவின் இடது உள்ளங்கை அதன்மேல் படிந்தது. "எறக்கத்து ரயிலு," என்று அவள் தனக்குள் முணுமுணுப்பது கேட்டது. ஜெயந்தினி கையுறை போட்ட கைகளை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள். விரல்கள் ஒன்றையொன்று நெரித்தன. தலை மெல்ல, மிக மெல்ல, முழுவதும் வந்தது. எதுவும் கிழியவில்லை.

தனுஷிகா பிள்ளையின் கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டினாள். விரல் நின்றது. அவள் உடம்பே நின்றது.

ஜெயந்தினிக்குப் புரிந்துவிட்டது. கொடி சுற்றியிருக்கிறது. இரண்டே விரல், ஒரு சின்ன வளைப்பு, முடிந்துவிடும். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். முழங்கை தானாகவே விலாவை விட்டு எழுந்தது. தனுஷிகா அதைப் பார்த்தாள். பார்த்தும் கையை எடுக்கவில்லை.

"என்ன தெரியுது தனுஷிகா?" குரல் சாதாரணமாக வர வேண்டுமென்று ஜெயந்தினி பாடுபட்டாள்.

"கொடி மிஸ். ஒரு சுத்து."

"எறுக்கமா?"

"இல்ல... லூசா இருக்கு. விரல் போவுது."

"அப்ப என்ன செய்யப் போறீங்க?"

அந்த அமைதி சின்னதுதான். ஜெயந்தினி தன் வாழ்நாளில் அதைவிடப் பெரிய அமைதியைக் கண்டதில்லை.

"தலைக்கு மேலால எடுத்து விடுறேன்," என்றாள் தனுஷிகா. எடுத்து விட்டாள். பிறகு முதுகுப் பக்கமாக, தோள் எட்டிப் பார்க்கும்வரை. பிறகு மேற்பக்கமாக, மற்றத் தோள். பிறகு ஒரே வழுக்கலில் முழுப் பிள்ளையும். பெண் பிள்ளை. பிறந்ததும் ஒரு நொடி யோசித்துவிட்டு, கூரை மழையை அடக்குகிற மாதிரி அழுதது. தனுஷிகா அதை வினோதாவின் நெஞ்சில் கிடத்தி, துணியைத் தலைவரை இழுத்துப் போர்த்தினாள்.

நஞ்சுக்கொடியும் வந்து, எல்லாம் சரிபார்த்து முடிந்த பிறகுதான் தனுஷிகா ஸ்டூலில் உட்கார்ந்தாள்.  ஜெயந்தினி ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"நல்லா செஞ்சீங்க மா," என்றாள். "இப்ப சொல்லுங்க, எந்த எடத்துல கஷ்டமா இருந்துச்சு?"

"நீங்க முழங்கையத் தூக்குன எடத்துல மிஸ்," என்றாள் தனுஷிகா. இருவரும் சிரித்தார்கள். சிரிப்புக்கு நடுவே அந்தப் பெண் அழவும் செய்தாள்.

பின்னேரம் மழை விட்டதும் பார்வையாளர்களை உள்ளே விட்டார்கள். ஜெயந்தினி வாட்டைச் சுற்றிவந்தபோது வினோதாவின் கட்டிலுக்கு இந்தப் பக்கம் திரை இழுத்திருந்தது. உள்ளே வினோதா தன் மாமியாரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒசரமான மிஸ்தான் மாமி பாப்பாவ வாங்குனாங்க. தங்கமான கை. கொடி சுத்திக்கிட்டு வந்துச்சாம், அவங்கதான் எடுத்து விட்டாங்க."

"நல்லா இருக்கட்டும் மகராசி. வேற யாரும் இல்லியா கூட?"

"இன்னொரு மிஸ் இருந்தாங்க. அவங்க சும்மாதான் கையக் கட்டிக்கிட்டு நின்னாங்க. கேள்வி மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தாங்க. பாவம், வேலைக்குப் புதுசு போல."

ஜெயந்தினி திரைக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு அடங்க நேரமாயிற்று. பிறகு திரையை விலக்கி உள்ளே போனாள். வினோதா சங்கடப்பட்டு எழுந்து உட்காரப் பார்த்தாள்.

"படுத்துக்கங்க, படுத்துக்கங்க," என்றாள் ஜெயந்தினி, தலையணையைச் சரிசெய்தவாறு. "நீங்க சொன்னது சரிதான். புதுசுதான். பாப்பா பால் குடிச்சுச்சா?"